தேய்ந்துபோன ஒரு வாதம்

சிகாகோ மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்த 3,804 பேரிடம் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சிலர் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். எத்தனை வருடமாக ஓடுகிறீர்கள், வாரத்துக்கு எவ்வளவு தூரம், இதுவரை எத்தனை மாரத்தான், இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுவாதம் உண்டா? 2023இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் இருந்தன. ஓடிய வருடங்களுக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. வாராந்தரத் தூரத்துக்கும் தென்படவில்லை. வயது, உடல் எடை, குடும்பத்தில் யாருக்காவது மூட்டுவாதம், பழைய காயம் அல்லது அறுவைசிகிச்சை ஆகியவற்றுக்குத்தான் தொடர்பு இருந்தது. இது முதல் செய்தி. அந்த ஓட்டக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் யாரோ ஒரு மருத்துவர் ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லியிருந்தார் என்பது இரண்டாவது.

அப்படிச் சொன்ன மருத்துவர் மதுரையிலும் இருக்கிறார், கோவையிலும் இருக்கிறார். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “கேப் குறைஞ்சிடுச்சு, ஜவ்வு தேஞ்சிருக்கு” என்பார். சீட்டின் அடியில் தடைகள் வரிசைகட்டும்: மாடி ஏறக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட்தான், ஓட்டத்தை மறந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிப் படியையே மிதிக்காதவருக்கும் இதே அறிவுரையை இலவசமாக வழங்க மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், பூங்கா பெஞ்சின் நிரந்தர உறுப்பினர்கள் என்று ஒரு பட்டாளமே உண்டு. “இந்த வயசுல எதுக்கு சார் ஓட்டம்? முட்டி தேஞ்சிடும். பேசாம நடங்க.” அக்கறையோடு சொல்லப்படுவதால் இதை யாரும் குறுக்கே கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், ஆதரவாகக் கிடைக்கும் சான்று சொற்பம். எதிரான சான்று பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு டயர் இருக்கிறது. புது டயர் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும், ஓட ஓட வழவழப்பாகும், சிக்கனமாக ஓட்டினால் கூடுதலாக உழைக்கும். முழங்காலையும் இப்படிக் கணக்குப் போட்டால், இளமையில் ஓடித் தீர்த்தவருக்கு முதுமையில் மிச்சம் இருக்காது என்ற முடிவு தானாக வந்து நிற்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் டயருக்கு உயிர் கிடையாது.

முழங்காலில் தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் போர்த்தியிருப்பது குருத்தெலும்பு. தடிமன் சில மில்லிமீட்டர். எடையில் பெரும்பங்கு தண்ணீர். அதற்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அப்படியானால் உள்ளே இருக்கும் செல்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்து. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளியே விடுகிறது; தூக்கும்போது தளர்ந்து, சத்துள்ள திரவத்தை உள்ளே இழுக்கிறது. அழுத்தம்தான் அந்தச் செல்களைப் புரதம் சுரக்கவும் தூண்டுகிறது. ஓடி முடித்த கையோடு எம்.ஆர்.ஐ. எடுத்தால் குருத்தெலும்பு சற்று மெலிந்து தெரியும். அதை மட்டும் பார்ப்பவர் பதறிப்போவார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு படம் எடுத்தால் அது பழைய தடிமனுக்குத் திரும்பியிருக்கும்.

சரி, அழுத்தமே இல்லாத முழங்கால் என்ன ஆகும்? தேய்மான வாதத்தின்படி அதுதான் ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல இருக்க வேண்டும். தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தவர்களைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. வழியாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் அடிகூட எடுத்து வைக்காத அந்த முழங்கால்களில் ஓராண்டுக்குள் குருத்தெலும்பு பத்துச் சதவீதம் அளவுக்கு மெலிந்திருந்தது. 1998இல் வெளியான ஒரு விலங்கு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. கூண்டில் சும்மா உட்கார வைக்கப்பட்ட வெள்ளெலிகளின் மூட்டில் குருத்தெலும்பு சிதையத் தொடங்கியிருந்தது. ஓடுசக்கரம் கொடுக்கப்பட்டு, ராத்திரி முழுக்க இஷ்டப்படி ஓடிய வெள்ளெலிகளின் மூட்டு வழவழவென்று இருந்தது. வெள்ளெலி மனிதன் இல்லை என்று மறுப்பவர்களுக்காகத்தான் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவர் குழுவினரும் 1984இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சராசரியாக 58 வயதில் இருந்த 45 நெடுந்தூர ஓட்டக்காரர்களையும், ஓடாத 53 பேரையும் எடுத்துக்கொண்டு, 2002 வரை முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருந்தார்கள். முட்டியைச் சிக்கனமாகச் செலவழித்தவர்கள் ஜெயித்திருக்க வேண்டிய போட்டி இது. முடிவில் மூட்டுவாத அடையாளம் ஓட்டக்காரர்களில் 20 சதவீதத்தினரிடமும் ஓடாதவர்களில் 32 சதவீதத்தினரிடமும் தெரிந்தது. கடுமையான மூட்டுவாதம் ஓட்டக்காரர்களில் 2.2 சதவீதம், ஓடாதவர்களில் 9.4 சதவீதம்.

நூறு பேர் கொண்ட ஆய்வு சிறியது என்பது நியாயமான ஆட்சேபம். சிறிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் வேலையும் நடந்தது. 2017இல் வெளியான அத்தகைய தொகுப்பாய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருந்தது. பொழுதுபோக்காகவும் உடல்நலத்துக்காகவும் ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுவாதம் 3.5 சதவீதம். உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 சதவீதம். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் பால் வில்லியம்ஸ் ஏறத்தாழ 75,000 ஓட்டக்காரர்களையும் 14,600-க்கும் மேற்பட்ட நடையாளர்களையும் பின்தொடர்ந்தார். அங்கேயும் ஓட்டக்காரர்களுக்கு மூட்டுவாதமும் இடுப்பு மாற்று அறுவைசிகிச்சையும் குறைவு. அவர்கள் ஒல்லியாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று வில்லியம்ஸே சொல்கிறார். ஓடினால் எடை குறைவதையும் ஓட்டத்தின் கணக்கில்தானே எழுத வேண்டும்?

இங்கே தேய்மானக் கட்சியின் புத்திசாலியான வழக்கறிஞர் எழுந்து நிற்பார். முட்டி வலி வந்தவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். வலுவான முட்டிக்காரர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். மிஞ்சியவர்களை எண்ணிவிட்டு ஓட்டம் நல்லது என்பது மோசடி அல்லவா? நல்ல கேள்வி. சிகாகோ கேள்வித்தாளுக்கு இந்தக் குறை நிச்சயம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கென்றே நடக்கும் ஒரு பெரிய நெடுநாள் ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது ஓடியவர்கள் எல்லாரையும், ஓடி நிறுத்தியவர்களையும் சேர்த்தே, கேட்டார்கள். 2017இல் வந்த முடிவில் ஓடியே பழக்கமில்லாதவர்களைவிட அவர்களுக்கு முட்டி வலியும் மூட்டுவாதமும் கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தன. அதே தரவுக் கிடங்கிலிருந்து, ஏற்கெனவே மூட்டுவாதம் வந்துவிட்ட 50 வயதைக் கடந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து 2018இல் பார்த்தார்கள். அவர்களில் ஓடியவர்களின் எக்ஸ்ரே, ஓடாதவர்களுடையதைவிட வேகமாக மோசமாகவில்லை. வழக்கறிஞரின் கேள்வி, ஓட்டம் முட்டியைக் காக்கிறது என்ற கூற்றின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஓட்டம் முட்டியைத் தேய்க்கிறது என்ற கூற்றை அதனால் நிற்கவைக்க முடியாது.

தனிமனிதக் கதைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவைப்பது நல்லது. மாரத்தான் ஓடி முட்டி போன மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். மறுபக்கம், நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடிய, அமைச்சராக இருந்த அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் இருக்கிறார். மாமாவும் சாட்சி அல்ல, அமைச்சராக இருந்தவரும் சாட்சி அல்ல.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கும் இடங்களையும் காட்டிவிட வேண்டும். அதே 2017 தொகுப்பாய்வில் தொழில்முறையாக, சர்வதேச அளவில் ஓடியவர்களுக்கு மூட்டுவாதம் 13.3 சதவீதம். சும்மா இருந்தவர்களைவிட அதிகம். இங்கிலாந்தின் ஓய்வுபெற்ற தொழில்முறைக் கால்பந்து வீரர்களை நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். முழங்கால் மாற்று அறுவைசிகிச்சை அவர்களிடம் பொதுமக்களைவிட இரு மடங்கு அளவில் இருந்தது. அங்கே முக்கியக் குற்றவாளி காயம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு பத்து இருபது வருடத்தில் மூட்டுவாதம் வருகிறது. அறுந்த காலோடு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு இறங்குவது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓடுவது வேறு விஷயம்.

தொழிலும் ஒரு காரணம். நாள் முழுக்க மண்டியிட்டும் குந்தியும் பாரம் தூக்கியும் வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் மூட்டுவாதம் கூடுதலாக வருகிறது என்பது பல நாடுகளில் உறுதியான ஒன்று. பெய்ஜிங்கில் நடந்த ஆய்வில், இளம்வயதில் தினமும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் மூட்டுவாதம் அதிகம் காணப்பட்டது. ஆகவே டைல்ஸ் பதிக்கிறவருக்கும் சுமை தூக்குகிறவருக்கும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்களிடம் வேலையை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை. எச்சரிக்கை முழுக்கவும் வங்கி அதிகாரிக்கும் ஐ.டி. மேலாளருக்கும் போய்ச் சேருகிறது. அவர்களுடைய முழங்கால் ஒரு நாளில் பத்து மணி நேரம் நாற்காலியில் மடங்கியே கிடக்கிறது.

“ஓடாதீங்க, நடந்தாப் போதும்” என்ற சமரசமும் டயர் கணக்கிலிருந்து வருவதுதான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் உச்ச விசை, நடக்கும்போது இறங்குவதைப் போல் மும்மடங்கு அளவு இருக்கும். இதை மட்டும் கேட்டால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஓடுகிறவரின் அடி நீளம், ஒரு கிலோமீட்டருக்கு அடிகள் குறைவு, ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் பதியும் நேரமும் குறைவு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் மில்லரும் குழுவினரும் 2014இல் இதை அளந்தார்கள். ஒரே தூரத்தைக் கடக்கும்போது முழங்காலில் சேரும் மொத்தச் சுமை நடையிலும் ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடை நல்லதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் ஓட்டத்தைத் தடுத்து நடையை அனுமதிப்பவர், எந்தக் கணக்கை நம்பித் தடுக்கிறாரோ அந்தக் கணக்கே அவர் பக்கம் இல்லை.

தேய்மான வாதத்துக்கு மிகப் பெரிய சங்கடத்தைக் கொடுத்தவர்கள் உயிரோடு இல்லாதவர்கள். ஹார்வர்டில் இயன் வாலஸ், டேனியல் லீபர்மேன் உள்ளிட்டோர் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டுள்ள 2,500-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களைச் சோதித்தார்கள். அவற்றில் வரலாற்றுக்கு முந்தைய வேட்டைச் சமூகத்தினரும் பழங்கால விவசாயிகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த நகரத்து உழைப்பாளிகளும் உண்டு. அண்மைக் காலத்தவர்களும் உண்டு. உழைப்பாளிகளின் காலத்தில் முழங்கால் மூட்டுவாதம் 6 சதவீதம். அண்மைக் காலத்தில் 16 சதவீதம். ஆயுள் கூடியதால் வந்த வித்தியாசமோ, எடை கூடியதால் வந்ததோ என்று அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் நோய் இரு மடங்காகவே நின்றது. காரும் லிஃப்டும் சோபாவும் வந்த பிறகு, கால்களுக்கு வேலை குறைந்த தலைமுறையில்தான் முழங்கால் கூடுதலாகக் கெட்டிருக்கிறது. உழைப்பினால் தேய்கிறது என்றால் இந்தக் கோடு கீழே இறங்கியிருக்க வேண்டும்.

உலகம் முழுக்க 2020இல் 59.5 கோடிப் பேர் மூட்டுவாதத்தோடு வாழ்ந்தார்கள் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சுமைக்கு அதிக உடல் எடை காரணம். இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேவையான அளவு உடலை அசைப்பதில்லை என்றும், பெண்களில் இது 57 சதவீதம் என்றும் 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் எழுதியது. இந்த நாட்டில் முட்டிகள் அதிகமாக ஓடியதால் கெட்டுப்போகின்றன என்று கவலைப்படுவது வினோதமான கவலை.

அடுத்து எக்ஸ்ரே. தேய்மானக் கட்சியின் பிரம்மாஸ்திரம் அதுதான். கறுப்பு வெள்ளையில் கண்ணெதிரே காட்டும்போது யார் மறுத்துப் பேச முடியும்? 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. எக்ஸ்ரேயில் மூட்டுவாதமே தெரியாத, 50 வயதைக் கடந்த 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்தார்கள். 89 சதவீதத்தினரிடம் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. வலி உள்ளவர்களிடமும் தெரிந்தது, வலியே இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தெரிந்தது. தலை நரைத்தவரைப் படம் பிடித்துவிட்டு, தலைவலிக்கு நரைதான் காரணம் என்று சொல்ல முடியுமா? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வழக்கமான அறிகுறிகளோடு வரும் 45 வயதைக் கடந்தவருக்கு மூட்டுவாதம் என்று முடிவுசெய்ய எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. அதே வழிகாட்டுதலில் எல்லா நோயாளிக்கும் கொடுக்க வேண்டியது என்று எழுதப்பட்டிருப்பது உடற்பயிற்சி. ஆரம்பத்தில் கொஞ்சம் வலி கூடலாம், விடாமல் செய்தால் பலன் உண்டு என்பதை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

தேய்மானம் என்று சொல்லப்பட்டவருக்கு அடுத்த கேள்வி, தேய்ந்ததை எப்படி நிரப்புவது என்பதாகத்தான் இருக்கும். அங்கேதான் கடை விரிகிறது. முதலில் குளுக்கோசமைன் மாத்திரை. அமெரிக்க அரசின் நிதியில் 1,583 பேரிடம் நடந்த சோதனை 2006இல் வெளியானது. மொத்தமாகப் பார்க்கையில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. பிறகு நோயாளியின் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி. ஆஸ்திரேலியாவில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதையும் மறு பாதிக்கு உப்புநீரையும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பின் அளவிலும் வித்தியாசம் இல்லை. ஜாமா இதழில் 2021இல் இது வந்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019லேயே முழங்கால் மூட்டுவாதத்துக்கு குளுக்கோசமைன், பி.ஆர்.பி., ஸ்டெம் செல் ஊசி மூன்றுமே வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்துவிட்டது. நம் ஊர் விளம்பரப் பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

துளைவழி அறுவைசிகிச்சையின் கதை இவற்றைவிடப் பழையது. ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி 180 நோயாளிகளை எடுத்து, சிலருக்கு மூட்டைக் கழுவிச் சுரண்டினார். சிலருக்கு மயக்கம் கொடுத்து, தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பின்தொடர்ந்தும் நிஜ சிகிச்சை பொய் சிகிச்சையை எந்த இடத்திலும் மிஞ்சவில்லை. 2002இல் இது வெளியானபோது எலும்பு மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். 2013இல் ஃபின்லாந்துக்காரர்கள், வயதால் கிழிந்த ஜவ்வைக் கத்தரிக்கும் சிகிச்சையை இதே முறையில் சோதித்து, இதே முடிவுக்கு வந்தார்கள்.

இவ்வளவையும் இடித்துவிட்டு, உடற்பயிற்சிதான் சர்வரோக நிவாரணி என்று முழங்கினால் அதுவும் வியாபாரப் பேச்சாகிவிடும். உண்மை நிலவரம் சற்று அடக்கமானது. முழங்கால் மூட்டுவாதத்துக்கான பயிற்சி குறித்து 2024இன் இறுதியில் வந்த காக்ரேன் மீளாய்வு 139 சோதனைகளை, 12,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசியது. நூறு புள்ளி அளவுகோலில் வலி 9 புள்ளிபோலக் குறைந்தது. நோயாளி அதைப் பெரிய மாற்றமாக உணர்வாரா என்பது உறுதியில்லை என்று மீளாய்வாளர்களே எழுதினார்கள். கனமான எடை தூக்கினால் பலன் கூடுமா என்று ஆய்வாளர் ஸ்டீஃபன் மெஸ்ஸியர் 377 பேரிடம் 18 மாதம் சோதித்தார், கூடவில்லை. நடை, சைக்கிள், நீச்சல் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சிகள் மற்றவற்றைவிட மேல் என்று 217 சோதனைகளை ஒப்பிட்டு 2025இல் இன்னொரு குழு எழுதியது.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பயிற்சி எவ்வளவு நன்மை செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். பயிற்சி மூட்டைக் கெடுக்கிறதா என்பதுதானே இங்கே வழக்கு? அதில் சண்டையே இல்லை. மூட்டுவாதம் உள்ளவர்கள், வரக்கூடியவர்கள் இருசாராரிடமும் நடந்த பயிற்சிச் சோதனைகளைத் தொகுத்து 2019இல் பார்த்தபோது குருத்தெலும்புக்குச் சேதம் எதுவும் தென்படவில்லை. மூட்டுவாதம் உள்ள, 50 வயதைக் கடந்தவர்களில் உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் எட்டு வருடத்தில் புதிதாக அடிக்கடி முட்டி வலி வந்ததா என்று 2022இல் ஒரு கணக்கு வந்தது: நடந்தவர்களில் 26 சதவீதம், நடக்காதவர்களில் 37 சதவீதம். எடையைப் பற்றிய கணக்கு இன்னும் எளியது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது. இதை 2005லேயே அளந்து காட்டியவரும் மெஸ்ஸியர்தான்.

ஓடுகிறவர்களுக்கு முட்டி வலி வருவதே இல்லையா? வருகிறது, தாராளமாக வருகிறது. வலியும் தேய்மானமும் ஒன்று என்று நினைப்பதில்தான் கோளாறு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தினர் 87 நாடுகளைச் சேர்ந்த 5,205 ஓட்டக்காரர்களை, அவர்கள் கையில் கட்டியிருந்த கடிகாரங்களின் வழியாகப் பதினெட்டு மாதம் கவனித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்குமேல் ஏதோ ஒரு காயம் பட்டது. காயத்தை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு நாளின் பேராசை. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக ஒரே ஓட்டத்தில் ஓடியவர்களுக்குக் காய வாய்ப்பு 64 சதவீதம் கூடியது. அந்தத் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்குமேல் போனவர்களுக்கு 128 சதவீதம் கூடியது. புத்தாண்டுத் தீர்மானமாக ஓடத் தொடங்கி, நண்பர் இழுத்தார் என்று ஜனவரியிலேயே பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தில் இறங்கும் நாற்பது வயதுக்காரரின் முட்டி ஏன் வீங்குகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது “மெதுவா ஏத்துங்க” என்பது. அவரிடம் சொல்லப்படுவதோ “இனிமே ஓடாதீங்க.”

எல்லா முட்டி வலியையும் பயிற்சியால் தள்ளிவிட முடியாது என்பதும் உண்மை. திடீரென்று வீங்கிச் சூடான மூட்டு, காய்ச்சலோடு வரும் வலி, மடக்கவோ நீட்டவோ முடியாமல் மாட்டிக்கொள்வது, விழுந்த பிறகு ஊன்ற முடியாத கால் ஆகியவை மருத்துவரிடம் உடனே போக வேண்டியவை. மற்ற வலிகளுக்கு டென்மார்க்கில் ஆய்வாளர்கள் ஸ்கூவும் ரூஸும் 2013இல் தொடங்கிய க்ளாட் என்ற பயிற்சித் திட்டம் ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வந்தால் தொடரலாம். அடுத்த நாளுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், படியில் ஏறி இறங்குவதும் அந்தத் திட்டத்தின் பயிற்சிகள். நம் ஊர்ச் சீட்டில் தடைப்பட்டியலில் இருக்கும் அதே படிதான்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே இயன்முறை சிகிச்சையாளர் போகிறார். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை தொடங்கிவைக்கப்பட்டது. டெல்லியிலோ, இயன்முறை சிகிச்சையாளர் தன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டை 2025 செப்டம்பரில் உச்சத்துக்குப் போனது. மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கூடாது என்று கடிதம் எழுதி, உடனேயே அதைத் திரும்பப் பெற்றது. பட்டத்தை யார் போட்டுக்கொண்டாலும், நோயாளியைப் படியேற வைக்கிறவர் யார் என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் இல்லை.

க்ளாட் பிறந்த அதே டென்மார்க்கில், முழங்கால் மாற்று அறுவைசிகிச்சை தேவை என்று முடிவான 100 பேரிடம் நடந்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு அறுவைசிகிச்சையும், அதன்பின் பயிற்சி உள்ளிட்ட மூன்று மாதச் சிகிச்சைத் திட்டமும். மறு பாதிக்கு அந்தத் திட்டம் மட்டும். அறுவைசிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகவே தேறினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். மறு பாதியினரும் ஓரளவு தேறினார்கள். கத்திக்குத் தயாராக வந்த அந்த ஐம்பது பேரில் ஒரு வருடத்துக்குள் கத்திக்குப் போனவர்கள் 13 பேர்தான்.

அந்த 13 பேருக்கு என்ன நடந்திருக்கும் என்பது முழங்கால் மாற்றிக்கொண்ட எல்லாருக்கும் தெரியும். பிரதமராக இருந்தபோது வாஜ்பாய் 2000இல் இடது முழங்காலையும் 2001இல் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றிக்கொண்ட பிறகு இந்த சிகிச்சை இந்தியர்களுக்கு அந்நியமாக இல்லை. எலும்பை அறுத்து, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தி, தையல் போட்ட காலோடு நோயாளி வார்டுக்கு வருகிறார். அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரோடு பிசியோ வந்து அவரை எழுப்பி நிறுத்துகிறார். நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், ரத்தம் உறைந்துவிடும், தசை கரைந்துவிடும் என்று அறுவைசிகிச்சை செய்த மருத்துவரே வந்து கண்டிக்கிறார். டிஸ்சார்ஜுக்கு முன்பு படியேறச் சொல்லிப் பார்க்கிறார்கள். இதே மருத்துவர் அதே நோயாளியிடம், சொந்த முழங்கால் இருந்த வருடங்களில், மாடி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.